பன்னிரண்டாவது துண்டு

சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு, சபை வேன் வழக்கம்போல மதுக்கடையின் பின்வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்த பாஸ்டர் வேனிலேயே இருக்க, தையல் சிஸ்டர் இறங்கினாள். ஒரு கையில் நீல பிளாஸ்டிக் தொட்டி, மறு கையில் துண்டுப் பை. உள்ளே பன்னிரண்டு துண்டுகள். எல்லாம் அவளே ஓரம் தைத்தவை.

குடிக்க வருகிறவர்களின் காலைக் கழுவி விடுவதுதான் அவர்களுடைய ஊழியம். ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததை நாமும் செய்வோம் என்று பாஸ்டர் ஆறு மாதத்துக்கு முன் ஆரம்பித்து வைத்தார். பிரசங்கம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. முதல் வாரம் கடையே சிரித்தது.

"கால் மட்டும்தானா சிஸ்டர், முதுகு தேய்ச்சு விட மாட்டீங்களா?"

"முதுகுக்கு வீட்டம்மாகிட்ட கேளுங்கண்ணே. விளக்குமாத்தாலயே தேய்ச்சு விடுவாங்க."

அன்றோடு அவள் அவர்களுக்குத் தங்கச்சி ஆகிவிட்டாள். அப்படிப்பட்டவள்தான் போன சனிக்கிழமை ஒரு காரியம் செய்துவிட்டாள். நல்ல மனசுக்காரர்களுக்கும் ஒரு நிமிஷம் மனசு சுருங்கிப் போகும், கண்ணுகளா. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கவர் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு மூட்டை தூக்குகிறவர். இடது காலில் ஆறாத புண். அதன்மேல் பாலிதீன் கவரைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார். நடந்தால் ஒரு கால் 'தப்' என்று விழும், மறு கால் 'சரக்' என்று இழுபடும். போன வாரம் கடைசி ஆளாக வந்து உட்கார்ந்து கவரை அவிழ்த்தார். அந்த வாடை அவள் தொண்டைவரை இறங்கியது. காலைப் பார்த்தாள். கை நீளவில்லை.

"துண்டு தீர்ந்துடுச்சுண்ணே. அடுத்த வாரம் வாங்களேன்."

ஒரு துண்டு அவள் மடியில், முந்தானைக்கு அடியில் இருந்தது.

"அதுக்கென்னம்மா, அடுத்த வாரம் முதல் ஆளா வந்துடறேன்" என்று கவரைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் ஆராதனையில், ஊழியத்தில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல அவளை எழுப்பினார்கள். "யாரும் தொடாத ஒரு காலை நேத்து என் கையால கழுவினேன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சபையே அழுதது.

இன்று உள்ளே நுழைந்ததும் கடை சப்ளையர் எதிரே வந்தார்.

"கவர் வியாழக்கிழமை போயிட்டார் சிஸ்டர். கால் அழுகி, விஷம் உடம்பெல்லாம் ஏறிடுச்சாம்."

அவள் கையிலிருந்த தொட்டி சுவரில் இடித்தது.

சரக்கு அறையில்தான் கால் கழுவுவது. ஜன்னல் கண்ணாடிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்ததால் பகலும் அங்கே சாயங்காலம் மாதிரி இருக்கும். புளித்த வாடை, பினாயில் வாடை, ஈரச் சாக்கு வாடை. வரிசையாக நாற்காலிகள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதல் நாற்காலியை விட்டு இரண்டாவதில் உட்கார்ந்தார்கள்.

"அது ஈரமா இருக்கு சிஸ்டர்" என்றார் ஒருத்தர்.

பதினோரு பேர். பதினோரு துண்டு நனைந்தது. எல்லோரும் முன்பக்கம் தங்கள் கிளாசுக்குத் திரும்பினார்கள். ஒரு துண்டு மட்டும் காய்ந்தபடி அவள் மடியில் கிடந்தது.

சப்ளையர் அதைப் பார்த்தார்.

"போன வாரமும் ஒண்ணு மடியில இருந்துச்சுல்ல?"

அவள் முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

"நான் பார்த்துட்டு அவர்கிட்ட சொன்னேன், போய்க் கேளுய்யான்னு. 'எனக்கும் தெரியும், விடு. அந்தப் புள்ள பயந்துடுச்சு'ன்னார்."

கவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சப்ளையர் காலி பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தொட்டியில் கடைசிச் சுடுதண்ணீர் பாதிவரை இருந்தது. கொட்டலாம் என்று குனிந்தாள்.

தப்.

சரக்.

தப்.

சரக்.

முதல் நாற்காலி முனகியது, யாரோ பாரத்தை இறக்கி வைத்ததுபோல. கயிறு அவிழும் சத்தம். பிறகு அந்த வாடை.

தொட்டித் தண்ணீர் மெல்ல ஏறியது.

யாரும் ஊற்றவில்லை. விளிம்புவரை ஏறி நின்றது, ஒரு காலை உள்ளே வைத்தால் ஏறுமே, அப்படி.

அவளுக்கு ஓடத் தோன்றியது. மடியிலிருந்த துண்டு அவளை உட்கார வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் கையை விட்டாள். சுடுதண்ணீர் ஐஸாக இருந்தது. விரல்களில் ஒரு கணுக்கால் தட்டியது. வீங்கி, தோல் வழுக்கிக்கொண்டு.

"அண்ணே, பொய் சொல்லிட்டேண்ணே."

அவள் கழுவினாள். விரல் இடுக்கு, குதிகால், புண்ணின் ஓரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழுவினாள். துண்டை விரித்தாள். அதில் ஒரு பாரம் வந்து அமர்ந்து, ஒற்றி முடிக்கும்வரை பொறுமையாக இருந்து, எடுபட்டது. தண்ணீர் பழைய மட்டத்துக்கு இறங்கியது.

நாற்காலி காலி. பன்னிரண்டாவது துண்டு மஞ்சளாக நனைந்திருந்தது.

அவள் அழுதாள். பாரம் இறங்கிய அழுகை அது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பாஸ்டர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தார்.

"நாளைக்கு வெளியூர் சபையிலிருந்து விருந்தாளிங்க வர்றாங்க. அந்தக் கால் சாட்சியை இன்னொரு தடவை சொல்லணும் சிஸ்டர். இந்த ஊழியத்துக்கு உதவி பண்றதா இருக்காங்க."

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள்.

"சரி பாஸ்டர்."

"கதவைச் சாத்துங்க, போலாம்."

அவள் கை கைப்பிடிக்குப் போனது.

தப்.

சரக்.

பின்வாசல் படியில் யாரும் இல்லை. காய்ந்த சிமென்ட்டில் ஈரம் மட்டும், ஒரு பாதம், அடுத்து ஒரு இழுப்பு, வேனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"என்ன சிஸ்டர், யாராவது வரணுமா?"

வேன் ஒரு பக்கமாகத் தாழ்ந்து நிமிர்ந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கை அமுங்கியது. நாளைய சாட்சியைக் கேட்க முதல் ஆளாக வந்தாயிற்று.

தையல் சிஸ்டர் துண்டுப் பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.