கிளி ஓட்டும் பாட்டுக்கு ஒன்ஸ்மோர்

ஆயுத பூஜைக்கு முதலாளி நாடகப் பாட்டுக் கச்சேரி வைத்திருக்கிறார், எல்லோரும் சாயங்காலம் வந்தே ஆக வேண்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டுப் போனார். வராதவர்களுக்குப் பொரி கிடையாதாம். பொரி போனால் போகிறது, வேலை போனால் என்ன செய்வது? நானும் போனேன்.

கச்சேரி நடந்த இடம் இப்போது நூல் குடோன். அதற்கு முன்பு நாடகக் கொட்டகை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகியதும் கொட்டகைக்காரர் சென்னியப்பன் மேடையை அப்படியே விட்டுவிட்டு, ஜனம் உட்கார்ந்த இடத்தில் நூல் மூட்டைகளை அடுக்கிவிட்டார். அவருடைய கம்பெனியில்தான் நான் செக்கிங் மேசையில் உட்கார்ந்து பனியனில் ஓட்டை பார்க்கிறேன். அவரிடம் நான் பார்த்த ஓட்டைகளை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மூட்டைகளை ஓரமாக ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். பஞ்சு வாடையும் சாம்பிராணியும் கலந்து மூச்சை அடைத்தது. பெண்களுக்கு மேடைக்குப் பக்கத்தில் இடம். அங்கே உட்கார்ந்ததும் இன்னொரு வாடை வந்தது. அரிதார வாடை. அன்றைக்கு யாரும் வேஷம் போடவில்லை, வெறும் பாட்டுத்தான். ஆனால் அந்த வாடை எனக்குத் தெரியும். என் அக்கா மருதம்மாளின் புடவையெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும்.

அக்கா இதே மேடையில் ஸ்திரீபார்ட், பெண் வேஷமெல்லாம் அவளுக்குத்தான். தினைக்கொல்லையில் காவல் நிற்கும் பெண்ணாக வந்து அவள் கிளி ஓட்டும் பாட்டைப் பாடினால், பொங்கலூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள்கூட எழுந்து நின்று ஒன்ஸ்மோர் கேட்பார்கள். கேட்டால் பாடியே ஆக வேண்டும். அது மேடை வழக்கம்.

அந்த வழக்கத்தை வைத்துத்தான் சென்னியப்பன் அவளைக் கொன்றார்.

தோட்டத்து வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அக்கா போகவில்லை. அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்த ஒரு நாள், அவர் முன்வரிசை சோபாவில் சாய்ந்துகொண்டு ஒன்ஸ்மோர் கேட்டார். பாடினாள். மறுபடி கேட்டார். ஜனமும் சேர்ந்து கத்தியது, ஜனத்துக்கு அது வேடிக்கை. நான் வெந்நீர்ச் செம்போடு திரை ஓரத்திலிருந்து ஓடினேன். அவருடைய ஆள் ஒருவன் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். அக்கா என் கையிலிருந்த செம்பையே பார்த்துக்கொண்டு பாடினாள். அவள் வாயில் ரத்தம் வந்த பிறகுதான் திரையை விட்டார்கள். அந்த வாரமே சாமளாபுரத்தில் அவளை அடக்கம் செய்தோம். ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. நாடகக்காரிதானே.

இவ்வளவும் நெஞ்சில் கிடக்க, நான் அவருடைய கச்சேரிக்கு வந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆர்மோனியத்துக்கு அதே பசீர் பாய். அக்காவுக்கு வாசித்தவர். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். மதுரையிலிருந்து வந்த பாடகி நன்றாகவே பாடினாள். பழைய மெட்டுகள் ஒவ்வொன்றாக வர, என் கால் தானாகத் தாளம் போட்டது. அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

கடைசியில் மானேஜர் ஐஸ் வைக்க ஆரம்பித்தார். முதலாளி ஒரு பாட்டாவது பாட வேண்டுமாம். சென்னியப்பன் மாலையும் கழுத்துமாக மேடை ஏறி, கிளி ஓட்டும் பாட்டையே பாடுகிறேன் என்றார்.

பசீர் பாயின் கை கொஞ்ச நேரம் ஆர்மோனியக் கட்டையில் அசையாமல் கிடந்தது. பிறகு வாசித்தார். வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறதே.

“தின்றது போதும், பறந்து போ கிளியே...”

சுருதி ஒரு பக்கம் போனது, முதலாளி ஒரு பக்கம் போனார். சம்பளம் வாங்குகிற கைகள் எல்லாம் தட்டின. தட்டல் அடங்கியதும், மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“ஒன்ஸ்மோர்.”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளிக்கு முகமெல்லாம் பூரிப்பு. மறுபடி பாடினார்.

“ஒன்ஸ்மோர்.”

இந்தத் தடவை ஜனமும் சேர்ந்துகொண்டது. அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாடினார். அடுத்த தடவை கையெடுத்துக் கும்பிட்டார்.

“போதுஞ் சாமி. உட்டுருங்க.”

சொல்லிவிட்டு இறங்கத் திரும்பினார். வாய் மட்டும் திறந்துகொண்டது. பாட்டு வந்தது.

அப்போதுதான் சிரிப்பு நின்றது.

கூச்சல் நிற்கவில்லை.

என் பக்கத்தில் செக்கிங் மேசை வள்ளியாத்தாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். திணித்த துணிக்குள்ளிருந்து ‘ஒன்ஸ்மோர்’ என்று வந்துகொண்டே இருந்தது. மானேஜர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

நான் பசீர் பாயைப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தது.

“நான் வாசிக்கலீங்க அம்மிணி,” என்றார் மெதுவாக.

அரிதார வாடை என் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

முதலாளியின் குரல் கிழிந்து காற்றாக வந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேடை ஓரத்தில் ஒரு செம்பில் தண்ணீர் இருந்தது, எனக்குக் கை எட்டும் தூரம். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது.

“தண்ணி... கண்ணு...”

செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். இந்தத் தடவை என் தோளை யாரும் பிடிக்கவில்லை. நானாகவே நின்றேன்.

“பாடுங்க முதலாளி.”

பாடினார். வெள்ளைச் சட்டை முன்பக்கம் சிவந்து, முகம் குப்புற விழுந்த பிறகு திரை இறங்கியது. கயிற்றுப் பக்கம் யாரும் இல்லை.

மறுநாள் காலையில் கம்பெனிப் பெண்களையெல்லாம் இழவு வீட்டுக்கு வரச் சொன்னார்கள். மனசு லேசாக இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. செத்தும் ஒரு நாள் சம்பளத்தைக் கெடுத்தார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதலாளியின் வீட்டுக்காரம்மா கமலாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ மருதம்மா தங்கச்சியாமே. அக்காளாட்டவே தொண்டை இருக்கும்ல. ஒரு ஒப்பாரி சொல்லு கண்ணு.”

எப்படி மாட்டேன் என்பது? பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, தங்கமே என்றும் தருமரே என்றும் நாலு வரி இழுத்தேன். கண்ணில் பொட்டுத் தண்ணீர் வரவில்லை. முடித்துவிட்டு எழுந்திருக்கக் கையை ஊன்றினேன்.

“ஒன்ஸ்மோர்.”

பெண் குரல் இல்லை. அக்கா ரத்தம் கக்கிய அன்றைக்கு முன்வரிசை சோபாவிலிருந்து நான் கேட்ட அதே குரல். பிணத்தின் தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். அது திறந்துகொண்டது.

மறுபடி பாடினேன். மறுபடியும். பெண்கள் என்ன பாசம் என்று பேசிக்கொண்டார்கள். தொண்டையில் உப்புக் கரித்தது. கையை ஆட்டித் தண்ணீர் கேட்டேன். வள்ளியாத்தாள் செம்போடு ஓடி வந்தாள்.

பாதி வழியில் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. தோள்பட்டையில் புடவை மட்டும், ஐந்து விரல் பதிந்த மாதிரி, அழுந்திக் கிடந்தது.