நேரலையில் கண்ட திருட்டு

வியாழக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி. பெண் காவல் ஆய்வாளர் குழந்தைகள் காப்பகத்தினுள் நுழைந்தபோது தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டுமே பாக்கி. மூன்று வயதுச் சிறுமியின் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. அங்கே நெடுங்காலமாகப் பிள்ளைகளைப் பேணிவந்த ஆயா சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடைய பை தலைகீழாகக் கொட்டப்பட்டிருந்தது. சீப்பு, மாத்திரை அட்டை, மாற்றுச் சேலை. சங்கிலி இல்லை.

“பதினொரு மணிக்கு ஆபீஸ்ல இருந்து போன்ல பார்த்தேன் மேடம்,” என்றார் சிறுமியின் தந்தை. “சட்டை மாத்துறப்ப கழட்டி இடுப்புல சொருகினா. என் கண்ணால பார்த்தேன்.”

“பதிவு இருக்கா?”

“இந்தக் கேமராவுல பதிவாகாதுங்க, நேரலை மட்டும்தான்,” என்றாள் நிர்வாகி. “பெத்தவங்க எப்ப வேணாலும் போன்ல பார்த்துக்கலாம்.”

“காலையில சங்கிலி இருந்துச்சா?”

“நான்தானே போட்டுவிட்டேன்,” என்றாள் தாய். “கூட்டிட்டு வந்து விட்டது இவர்தான்.”

“காலையில இருந்தே கழுத்துல பார்த்த ஞாபகம் இல்லம்மா,” என்றாள் ஆயா.

“எப்படி இருக்கும்? மடியில ஏறினதும் மறந்திருக்கும்,” என்றார் தந்தை.

ஆய்வாளர் நிர்வாகியின் கைபேசியை வாங்கிப் பார்த்தார். அறையில் உள்ளவாறே படத்திலும் குழந்தைகள் வரிசையாக உறங்கிக்கொண்டிருந்தார்கள். படத்தின் சன்னலில் பச்சைத் திரைச்சீலை. நிமிர்ந்து பார்த்தார். சன்னலில் தொங்கியது மஞ்சள்.

“திரைச்சீலைய எப்ப மாத்தினீங்க?”

“திங்கக்கிழமை சாயங்காலம். பச்சைய துவைக்கப் போட்டேன்,” என்றாள் ஆயா.

ஆய்வாளர் கேமராவுக்குக் கீழிருந்த அலமாரியை நகர்த்தினார். கேமராவிலிருந்து இணையப் பெட்டிக்குச் செல்லும் கம்பியை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது.

“கம்பி அறுந்தா திரையில என்ன தெரியும்?”

நிர்வாகியின் குரல் இறங்கியது. “கடைசியா வந்த படம் அப்படியே நிக்கும். திங்கக்கிழமை காலையில நான் பார்த்தப்ப அசைஞ்சுதே.”

“சார், உங்க போனத் திறங்க.”

அவர் தயங்கித் திறந்தார். அதிலும் பச்சைதான். ஆய்வாளர் இரு விரலால் படத்தை விரித்தார். மூலையில் உறங்கும் சிறுமியின் கழுத்தில் சங்கிலி மின்னியது.

“இது திங்கக்கிழமை மத்தியானம். அதுக்கப்புறம் யார் திறந்தாலும் இந்தப் படம்தான், இந்தச் சங்கிலிதான். பதினொரு மணிக்கு நீங்க எதையும் பார்க்கல. வர்ற வழியில கழட்டினது நீங்கதான். எங்க வச்சிருக்கீங்க?”

“அடகுக் கடையில,” என்றார் அவர், மனைவியின் முகத்தைப் பாராமல்.

ஆயாவை நம்ப இயலாதென்று கேமராவைக் கேட்டு வாங்கியவர்கள் பெற்றோரே. படம் உறைந்து மூன்று நாளாகியும், ‘ஏன் அசையவில்லை?’ என்று அவர்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

“மனசுல வச்சுக்காத. நாளைக்கு வந்துடு, வயர மாத்திடலாம்,” என்றாள் நிர்வாகி.

ஆயா சேலையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“மூணு நாளா சாப்பாடு முடிஞ்சதும் ஒவ்வொரு புள்ளையா கேமராவுக்கு முன்னால தூக்கிக் காட்டினேன். ‘அம்மா பார்க்குறாங்க, சிரி’ன்னேன். அதுங்ககிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்களேம்மா.”

அவள் மறுநாள் வரவில்லை.