பூசிய படிக்கட்டு

கண்ணில் புண் வந்த பிறகுதான், தான் குடியிருக்கும் கட்டடத்தை மகிழினி முதல்முறையாகப் பார்த்தாள்.

விழியாடையைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கருவிழியின்மேல் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய ஏட்டைக் கோவையில் யாரும் ஆண்டுக்கணக்கில் கழற்றுவதில்லை. பேருந்து எண், கடைப்பெயர், எதிரே வருபவர் யார் என்பது எல்லாமே அதில்தான் தெரியும். ஊரில் பெயர்ப்பலகைகளே கிடையாது. சுவர்களுக்கு வண்ணமும் கிடையாது. குடியிருப்புச் சங்கம் விழியாடை நிறுவனத்திடம் 'பூச்சு' வாங்கிவிட்டால் போதும், எத்தனை பழைய கட்டடமும் எல்லோர் கண்ணிலும் புத்தம்புதிதாக நிற்கும். பூச்சோடு பொருந்தாததை விழியாடை மறைத்து, பொருந்துவதைத் தானே வரைந்துகொள்ளும்.

வெறுங்கண்ணோடு படியேறியவள் மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். கட்டடத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்த படிக்கட்டு சுவரை விட்டு விலகியிருந்தது. பிளவுக்குள் துருவேறிய கம்பிகள். அதற்கும் கீழே பின்முற்றத்து மண் தெரிந்தது.

கணவன் திலீபனை இழுத்துவந்து அவன் விரலைப் பிளவில் வைத்தாள். விரல் உள்ளே போனது. வெடுக்கென்று கையை உருவிக்கொண்டான்.

"தொட்டா இருக்கு மகி. பாத்தா ஒண்ணுமே இல்லையே."

"கழட்டிட்டுப் பாருங்க."

"ஆபீஸ் வேலை பூரா இதுலதான் ஓடுது. கழட்டினா ஆளே வரலைன்னு போட்டுருவாங்க."

சங்கச் செயலாளர் ஜெபராஜ் பொறுமையாகத்தான் கேட்டார். "இத்தன பேருக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படிங்கம்மா தெரியும்? கண்ணு சரியில்லைன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. குணமாகட்டும், அப்புறம் பேசலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, படிக்கட்டுப் பக்கமிருந்து எலும்பு முறிவதுபோல ஒரு சத்தம் வந்தது. கதவுகளைத் தட்டிக் கெஞ்ச இனி நேரமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

அவளுடைய தொழிலே பொய்த்தீ மூட்டுவதுதான். அலுவலகங்களின் தீப்பயிற்சிக்காக, ஊழியர்களின் விழியாடையில் நெருப்பையும் புகையையும் எழுப்பிக்காட்டும் வேலை. மடிக்கணினியோடு வாசலுக்கு இறங்கி, தன் கட்டடம் முழுவதையும் எல்லோர் கண்ணிலும் கொளுத்தினாள்.

அலறிக்கொண்டு ஓடினார்கள். தீ எச்சரிக்கையில் மின்தூக்கி தானாக நின்றுகொண்டது. எல்லோரும் அந்தப் படிக்கட்டில்தான் இறங்கினார்கள். வெளியே வந்த ஒவ்வொரு தலையையும் மகிழினி எண்ணினாள். கடைசி ஆள் தரையைத் தொட்டதும், மூன்றாம் மாடிக்கு மேலிருந்த படிகள் பெயர்ந்து பின்முற்றத்தில் சரிந்தன. பூமி அதிர்ந்தது. நெருப்பின் வேலை என்று நினைத்துக் கூட்டம் இன்னும் தள்ளி ஓடியது.

அவள் கண்களை மூடி மூச்சு விட்டாள். ஒருவர்கூட உள்ளே இல்லை.

அதற்குள் நிறுவனத்தின் காவல் நிரல் பொய்த்தீயைக் கண்டுபிடித்து அணைத்துவிட்டது. பொய்த்தீ மூட்ட அவளுக்கிருந்த அனுமதியையும் பறித்துவிட்டது. எல்லோர் கண்ணிலும் பச்சை எழுத்துகள் மின்னின: 'ஆபத்து இல்லை. வீட்டுக்குத் திரும்பலாம்.' எதிரே கட்டடம் இளமஞ்சள் பூச்சில், கீறலின்றி நின்றது.

"விளையாடறீங்களாம்மா?" என்றார் ஜெபராஜ். இப்போது அவர் குரலில் பொறுமை இல்லை.

"ஏறாதீங்க சார்! மேல படியே இல்லைங்க!"

வாசலை மறித்து நின்றவளை யாரோ விலக்கினார்கள். மின்தூக்கி இன்னும் ஓடாததால் ஜெபராஜ் முன்னால் படியேற, மற்றவர்கள் பின்னால் போனார்கள். அவள் கத்திக்கொண்டே பின்தொடர்ந்தாள். எட்டியது திலீபனின் சட்டைதான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அதை இரு கைகளாலும் பிடித்துத் தொங்கினாள்.

ஜெபராஜ் தயக்கமே இல்லாமல் அடுத்த காலை வெட்டவெளியில் வைத்தார்.

கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. அவருக்கு அடுத்து வந்த பெண் குழந்தையை இடுப்பில் சரிசெய்துகொண்டு காலைத் தூக்கினாள்.

"விழுந்துட்டாருங்க! அவர் விழுந்துட்டாரு!" மகிழினியின் குரல் உடைந்தது.

திலீபன் பரிதாபமாக அவளைப் பார்த்தான். பிறகு, இல்லாத படிகளை அண்ணாந்து பார்த்தான்.

"ஏன் மகி அழற? அதோ, ஏறிட்டுத்தானே இருக்காரு."