தண்ணீர் ஊற்றாதே!

தீ!

சமையலறை வாசலில் நிர்மலாதேவி உறைந்து நின்றாள்.

அடுப்பில் மெழுகுக் கிண்ணம் தலை உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீர்... அவள் வைத்ததல்ல!

கை வாளிக்குப் போனது. சட்டென்று நின்றது.

எரிகிற மெழுகில் தண்ணீர் விழுந்தால் தீ கூரைக்கு எகிறும். அவள் முகத்துக்கும்!

சிலிண்டரை மூடினாள். தாம்பாளத்தைக் கிண்ணத்தின்மேல் நகர்த்தி மூடினாள்.

தீ திணறி அடங்கியது.

அப்புறம்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள வேறு ஆளில்லை.

கணவன் இறந்தபின் காரிமங்கலத்து வீட்டில் அவள் ஒருத்திதான். தேன்மெழுகு உருக்கி உதட்டில் பூசும் லிப் பாம் செய்து சந்தையில் விற்கிறாள். எப்போதும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்தே உருக்குவாள். நேரடித் தீயில் வைக்கவே மாட்டாள். எழுந்து போனால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போவாள்.

இன்றும் அணைத்தாள்!

புகையைப் பார்த்து அக்கம்பக்கத்தார் போன் செய்ய, சப் இன்ஸ்பெக்டர் கோகிலா வந்தாள். கூட்டத்தோடு கணவனின் தம்பி பிரபாகரும் வந்தான்.

"அண்ணிக்கு மறதிங்க மேடம். தனியா இருந்து இருந்து இப்பிடி ஆயிட்டாங்க. இந்த வூட்ட வித்துட்டு எங்ககூட வாங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க..."

கோகிலா அவளிடம் திரும்பினாள். "அடுப்ப வுட்டு எங்கம்மா போனீங்க?"

"போன் வந்துச்சுங்க. வாசல்ல நின்னு பேசினேன்."

"யாரு?"

நிர்மலா தலைகுனிந்தாள். "தெரியலீங்க. ஒரு வாரமா மத்தியானம் வருது. அந்தப் பக்கம் பேச்சே இல்லீங்க. நாந்தான் பேசுவேன். என்ன கொழம்பு வச்சேன், முழங்கால் வலி... கட் பண்ணாம கேக்கறாங்களேன்னு..."

யாரோ சிரித்தார்கள்.

கோகிலா சிரிக்கவில்லை. போனை வாங்கினாள். அந்த நம்பரை அழுத்தினாள்.

ட்ர்ர்ர்ர்...!

பிரபாகரின் கையில் ஒரு போன் இருந்தது. அடித்தது அதுவல்ல... அவன் பாக்கெட்டிலிருந்த இன்னொன்று!

ஓடப் பார்த்தான். கான்ஸ்டபிள் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"அவங்கள வாசல்ல பேச வுட்டுட்டு, பொறக்கடை வழியா வந்து கிண்ணத்த நேரா தீயில வச்சியா? பதறிப்போயி ஊத்தட்டும்னு தண்ணியும் நீயேதான் வச்சியா?" என்றாள் கோகிலா.



நிர்மலா மெல்லக் கேட்டாள். "அப்ப நாஞ் சொன்னதெல்லாம்... நீயா பிரபா கேட்டுட்டு இருந்த?"

"கேக்கவேயில்ல அண்ணி... பாக்கெட்ல போட்டு வச்சிருந்தேன்."

தீ சுடவில்லை. இது சுட்டது.

ஜீப் கிளம்பும்போது கோகிலா கேட்டாள். "தனியா இருந்துக்குவீங்களாம்மா?"

நிர்மலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்கீங்க தனியா? இனி வாய்தாவுக்கு வாய்தா தர்மபுரி கோர்ட்டுல நாலு பேரப் பாக்கலாமில்ல!"