வராத புயல்

“புயல் எவ்வளவு அழகு, பாருங்க!”

நெல்லை வண்ணார்பேட்டை டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். பழைய புயல் ஒன்றின் வானிலைப் படத்தை விரித்தபடி ஒருவன் நின்றான். நனைந்த இமைகளுக்குள் சின்னப் பிள்ளையின் சந்தோஷம்...

“எங்க உவரிக் கடற்கரையில வந்து சொல்லுங்க, அழகுன்னு! எங்கப்பாவைக் கொண்டுபோனதே ஒரு புயல்தான்.”

அவன் முகம் வாடிவிட்டது.

“மன்னிச்சிருங்க... நான் எபநேசர். இங்கன காலேஜ்ல காற்றலைகளைப் பத்தி ஆராய்ச்சி செய்யுதேன்.”

மழை விடுவதாயில்லை. பாளையங்கோட்டைப் பள்ளியில் டீச்சர் வேலை, விடுதியில் தனி அறை... பேச ஆளில்லாத அவளே மறுபடி பேச்சுக் கொடுத்தாள்.

“காத்துலயும் அலை உண்டா?”

“உண்டு. கிழக்கேயிருந்து ஒண்ணு பின்னால ஒண்ணா வரும். முக்காவாசி மழையைக் கொட்டிட்டுப் போயிரும். ஏதோ ஒண்ணுதான் சூடான கடலுக்கு மேல சுழல ஆரம்பிச்சு, புயலாயிரும். எது போவும், எது சுழலும்னுதான் தெரியமாட்டேங்கு.” தயங்கினான். “இப்பவும் ஒண்ணு வருது... எனக்குப் பயமா இருக்கு.”

“ரேடியோவுல ஒண்ணும் சொல்லலியே?”

“இன்னும் சொல்லல.”

அண்ணன் இன்றும் கடலுக்குப் போவானே! அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் உவரிக்குப் போனார்கள். கரையில் அண்ணன் சூசை கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, புயல் வரும்னு இவரு சொல்லுதாரு. இன்னைக்கு மட்டும் போவாத!”

அவள் அழுகைக்காக அவன் நின்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள்.

மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். கடல் குளம்போலக் கிடந்தது.

“உம்ம புயலு எங்கவே?”

கரையே சிரித்தது. எபநேசர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மாலைதோறும் வண்ணார்பேட்டையில் இறங்கிப் பார்த்தாள். அவன் இல்லை... மழை வந்தாலும் வரவில்லை. விடுதி அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. வீம்பு பிடித்தவன்! கடைசியில் வெட்கத்தை விட்டு, காலேஜுக்கே போய் நின்றாள்.

“ஏன் சொல்லாமப் போனீங்க?”

“அத்தனை பேரு பொழைப்பையும் கெடுத்துட்டேன்... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?”

“அப்பா போன பெறவு, அண்ணன் கடல்ல இருக்கிற ராத்திரியில நான் கண்ணசந்ததே இல்ல. அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். எனக்காகப் பயந்த ஒரு ஆளு இருக்காருன்னு...” குரல் உடைந்தது.

அவன் மெல்ல நிமிர்ந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஜெசிந்தா... ஆனா, அடுத்த அலையும் சும்மா போயிட்டா?”

“போவட்டும்...” என்றாள். “நீங்க போயிராதீங்க.”