கைசாவின் சரிவு

அந்த அடிக்கட்டைக்குள் உட்காரப் போன மெர்னா, ஏதோ தோன்றி, கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

விடிந்ததிலிருந்து மழை. கடலிலிருந்து ஏறி வந்து மலைமேல் உட்கார்ந்துகொண்டு, இறங்க மனமில்லாமல் பெய்கிற நவம்பர் மழை; ஃபிர் மரங்களின் உச்சியில் சலசலத்து, நடுக்கிளைகளில் சொட்டி, கீழே பாசியில் சத்தமில்லாமல் மறைந்துபோகிற மழை. எந்தக் காலத்திலோ வெட்டப்பட்ட சிடார் மரத்தின் அடிக்கட்டை அது. நெருப்பு தின்று உள்ளே குடைந்துவிட்டிருந்தது. ஒரு ஆள் வசதியாகச் சாய்ந்துகொண்டு, எதிரே விரிந்த சரிவு முழுவதையும் பார்க்கலாம். உள்ளே பெரணி இலைகள் அமுங்கிக் கிடந்தன. இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல.

கீழே கேட்டருகே அவளுடைய பிக்கப் தவிர வேறு வண்டி இல்லை. மேலே ஏறி வந்த மண்பாதையில் அவளுடைய பூட்ஸ் தடம் மட்டும்தான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள். மெர்னாவுக்குத் தோன்றியது ஒன்றுதான்.

கைசா. காலில் மாவுக்கட்டு என்று சொன்னதெல்லாம் நடிப்பு.

நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த மாவுக்கட்டை அவள் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் நெஞ்சில் ஏறிய அந்தக் கசப்பு இறங்கவில்லை. தங்கை விஷயத்தில் அது இறங்கியதே இல்லை.

ஒன்பது வருடங்களாக ஒவ்வொரு வேட்டைப் பருவத்திலும் கைசா ஒரு பெரிய கலைமானோடு வீடு திரும்பினாள். இந்தக் காட்டின் கறுப்பு வால் மான்கள் நிழலைப் போன்றவை. ஆயுள் முழுக்க வேட்டையாடியவர்கள்கூட நல்ல கொம்பு உள்ளதை இரண்டு மூன்று முறைதான் கண்ணால் பார்த்திருப்பார்கள். அப்பாவின் வீட்டுக் கூடத்தில் ஒன்பது தலைகள் வரிசையாக மாட்டியிருந்தன. மூத்தவள் மெர்னாதான், முதலில் துப்பாக்கி பிடித்தவளும் அவள்தான். ஆனால் அப்பா தன் ரைஃபிளைக் கொடுத்தது சின்னவளுக்கு. வருகிறவர்களிடம் எல்லாம் அந்தச் சுவரைக் காட்டி, "கைசாவோட சுவர்" என்பார் அப்பா, எய்னோ கிழவர். மெர்னா அவருக்குச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆறு வருடமாக அவளுக்கு ஒரு குட்டிக் கொம்புகூடக் கிடைக்கவில்லை.

பத்து நாளைக்கு முன்பு கைசா கால் முறிந்து படுத்தபோது, மெர்னா ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனாள்.

"இந்த வருஷமாவது அந்த எடத்தச் சொல்லேன்டி. நீதான் போகப் போறதில்லையே."

கைசா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். தின்னவில்லை. "அங்க வேணாம்க்கா. நானே இனிமே போகமாட்டேன்."

"ஏன், எனக்கு ஒண்ணு கெடச்சுட்டா உன் சுவத்துல எடம் கொறஞ்சிடுமா?"

"சுவத்த நீயே வெச்சுக்கோ. ஒன்பதையும் எடுத்துக்கோ. அங்க மட்டும் போகாத."

"தானமா குடுக்குற. மகராணி."

கைசா சிரிக்கவில்லை. அவள் ஊன்றுகோலோடு குளியலறைக்குப் போன நேரத்தில், மேசைமேல் கிடந்த அவளுடைய ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, கைசா குறித்துவைத்திருந்த சிவப்புப் புள்ளியைத் தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டாள் மெர்னா. திருட்டு என்று உறைக்கவில்லை, இவ்வளவு பக்கத்திலா என்ற ஆத்திரம்தான். நாற்பது நிமிட நடை. ஒன்பது வருடங்களாகச் சொந்த அக்காவிடம் மறைத்தது வெறும் நாற்பது நிமிட நடையை.

சூடு தணியட்டும் என்று காத்திருக்காமல் அவள் அடிக்கட்டைக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். ரைஃபிளை மடியில் கிடத்தி, ஸ்கோப்பின் கண்ணாடியைச் சட்டை ஓரத்தால் துடைத்தாள். கண் மெல்லப் பழகியது. அப்போதுதான் சுற்றிலும் நிற்கும் ஆல்டர் மரங்களைக் கவனித்தாள். ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை பட்டை உரிந்து, உள்மரம் ஈரமாகச் சிவந்திருந்தது. மான் கொம்பு தேய்த்த தடங்கள். ஒரு சரிவில் இரண்டு பார்த்தாலே அதிர்ஷ்டம். இங்கே இருபதுக்கு மேல். வட்டமாக. எல்லாமே அடிக்கட்டையைப் பார்த்த பக்கத்தில். மரங்களின் மறுபக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

வேறொரு நாளில், வேறொரு மனதோடு வந்திருந்தால், மெர்னா அங்கிருந்து எழுந்திருப்பாள். இன்று அவள் நினைத்தது இதுதான்: எவ்வளவு செழிப்பான இடம், எல்லாம் கைசாவுக்கே.

மணி இரண்டு தாண்டியிருக்கும். சரிவின் அடியிலிருந்து பனிமூட்டம் மெதுவாக ஏறி, வெட்டிப்போட்ட கட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, விழுங்கியதைத் திரும்பக் கக்கியது. காட்டுக் காக்கைகள் கத்தவில்லை. அணில் இல்லை. அழுகிய பட்டையின் வாடைக்கு நடுவே பருவம் வந்த ஆண் மானின் நெடி, மூத்திரமும் மயிரும் புழுங்கியது போன்ற நெடி, காற்றில்லாமலே வந்தது. எதிரிலிருந்து வரவில்லை. அவள் சாய்ந்திருந்த கரிந்த மரத்திலிருந்து வந்தது. அவளுடைய முதுகுப் பக்கத்திலிருந்து.

சட்டைப் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. கைசா.

"எங்கக்கா இருக்க?"

"வீட்ல. எங்க இருப்பேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியில் யாரோ காய்கறி நறுக்கும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வீட்டு மழ இப்பிடிக் கேக்காது," என்றாள் கைசா. "கட்டைக்குள்ள உக்காந்திருக்க."

"உக்காந்தா என்ன? உன் பேர் எழுதியிருக்கா?"

"அக்கா, நான் சொல்றத ஒரு தடவ கேளு. அப்பா கூடத்துல ஒன்பது இருக்கே, அதுங்களோட எடது காதப் பாத்திருக்கியா?"

"காத எதுக்குப் பாக்கணும்."

"எத்தனைன்னு எண்ணுவ. கொம்ப அளப்ப. காதப் பாத்ததில்ல. எல்லாத்துக்கும் ஒரே எடத்துல கிழிஞ்சிருக்கும். ஒரே மாதிரி இல்லக்கா. ஒரே கிழிசல்." கைசாவின் குரல் தணிந்தது. "போன வருஷம் தலைய நானே அறுத்தேன். இந்த வருஷம் அதே மான் திரும்ப வந்து நின்னுச்சு. நான் சுடல. சுடாமத் திரும்பி நடந்தேன். பின்னாலயே வந்துச்சு. ஓடினேன். அப்பதான் விழுந்தேன்."

மெர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். பயம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று, அதைவிடப் பழையது, கண் விழித்தது. அது அவளிடமே வந்து நிற்குமாம். தேடிப் போகக்கூட வேண்டாமாம்.

"நல்லாக் கத கட்டுற. சின்ன வயசுலயும் இப்பிடித்தான். என் பொம்மைய எடுத்து வெச்சுக்கிட்டு, பேய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லுவ."

"எழுந்து வாக்கா. சுடாத. ஓடாத. மெதுவா நடந்து..."

அழைப்பைத் துண்டித்து ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது, அது நின்றிருந்தது.

நாற்பதடி தூரத்தில். மறைவே இல்லாத இடத்தில். அகன்று வளர்ந்த கருத்த கொம்புகள். ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி மழை தொங்கியது. அவள் ரைஃபிளை உயர்த்தும்வரை நேராக அவளையே பார்த்தது. பிறகு, ஒரு கால் ஒரு காலாக எடுத்து வைத்து, முழுப் பக்கவாட்டையும் அவளுக்குக் காட்டித் திரும்பி நின்றது.

இடது காது நடுவில் பிளந்திருந்தது.

சுட்டாள்.

சத்தம் மூட்டத்துக்குள் போய் அமுங்கியது. மான் துள்ளவில்லை. ஓடவில்லை. முன்முழங்கால்களை மடக்கி, பின்கால்களை மடக்கி, களைத்த மாடு படுப்பது போலப் படுத்தது. தலையைக் கடைசியில்தான் கீழே வைத்தது.

மெர்னா அதன் அருகே போய் நின்றாள். கண்ணைத் துப்பாக்கி நுனியால் தொட்டாள். இமைக்கவில்லை. தன் வேட்டை அனுமதிச் சீட்டைக் கிழிந்த காதில் கட்டினாள். அதிலிருந்த தன் பெயரை ஒரு முறை வாசித்தாள். மெர்னா லாரினென். அழுகை வந்தது.

கத்தியால் வயிற்றைத் திறந்தபோது ஆவி வரவில்லை. இவ்வளவு குளிரில், இப்போதுதான் செத்த உடம்பு, புகைபோலக் கக்க வேண்டும். உள்ளே விட்ட கை குளிர்ந்தது. இரத்தம் கொஞ்சம்தான். கறுப்பு. குடலை வெளியே இழுத்துத் தள்ளினாள். விலா எலும்புகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு குச்சியை நடுவே முட்டுக்கொடுத்தாள். விலாவின் உட்பக்கச் சதையில் விரல்களுக்குக் கட்டிகள் தட்டுப்பட்டன. ஒன்றைக் கீறி எடுத்தாள். ஈயக் குண்டு. பருமனானது, அப்பாவின் ரைஃபிளுக்கு மட்டும் போடுவது. அதைச் சுற்றிச் சதை ஆறி, வழவழப்பாக மூடியிருந்தது. இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. ஒன்பது. மேலே, ஆறாத புதுப் புண்ணில், அவளுடையது.

பத்தாவது. இதிலும் கைசாவுக்குப் பின்னால்தான்.

அவள் அந்தக் குண்டுகளை எல்லாம் புதருக்குள் வீசினாள். கொம்பில் கயிற்றைக் கட்டி, தோளில் போட்டு, இழுக்கத் தொடங்கினாள்.

கனமாகத்தான் இருந்தது. முதல் நூறு அடிக்கு நாலு முறை உட்கார்ந்தாள். பெரணி முகத்தில் அடித்தது. தோள்பட்டை எரிந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்பாவின் கூடத்தை நினைத்துக்கொண்டாள்: நடுவில் மாட்ட வேண்டும். ஒன்பதையும் ஓரமாக நகர்த்திவிட்டு, நடுவில். கிழவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யாருது இது என்று கேட்க வேண்டும். கைசா அங்கே இருக்க வேண்டும். நொண்டிக்கொண்டு.

மண்பாதைக்கு இறங்கும் இடத்தில் இழுவை லேசானது. இறக்கம் என்று நினைத்தாள்.

பாதை சமமானது. அப்போதும் லேசாகவே இருந்தது.

கயிறு தோளில் தளர்ந்து தொங்கியது.

அவள் நடந்தாள். வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. மழைக்கு நடுவே, சரளைக்கல்லில், பின்னால், டொக். டொக். டொக். டொக். அவள் நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள்.

டொக். டொக்.

திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தாள்.

கயிற்றின் மறுமுனையில் அது நின்றிருந்தது. நாலு காலில். கழுத்திலிருந்து பின்தொடைவரை திறந்த வயிறு. குச்சி இன்னும் நடுவே. உள்ளே ஒன்றுமில்லை, மறுபக்க விலாக்கள் தெரிந்தன. மழை அந்த வெறுமைக்குள் பெய்து, கீழே ஒழுகியது. தலையைத் தாழ்த்தி, காதில் அவள் பெயரோடு, அவள் நடப்பதற்காகக் காத்திருந்தது.

விட்டிருக்கலாம். தோளிலிருந்து கயிற்றை நழுவவிட்டால் போதும். வண்டி கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அவளுடையதுதான். கால் ஓடப் பார்த்தது. கைகள் ஓட விடவில்லை. அவை கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றின. இன்னொரு சுற்று.

"என்னோடது," என்றாள். "அவளோடது இல்ல."

நடந்தாள். அது நடந்தது.

கேட்டைக் கடந்தாள். வண்டியின் பின்கதவை இறக்கினாள். விலகி நின்றாள். பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. அது அவளைக் கடந்து போனது, அவள் முழங்கையில் ஈரமயிர் உரச. முன்கால்களை வண்டிமேல் வைத்தது. ஏறியது. தகரம் கிறீச்சிட்டது. ஒரு முறை தன்னைத்தானே சுற்றி, பக்கவாட்டில் படுத்தது. பின்கால்களை விறைப்பாக நீட்டிக்கொண்டது. கழுத்தைச் செத்தது போல ஒரு பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு வாயைத் திறந்து, அவள் பார்க்கப் பார்க்க, நாக்கை மெதுவாக வெளியே தொங்கவிட்டது.

பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

மெர்னா பின்கதவைத் தூக்கி மூடினாள். ஓட்டுநர் இருக்கைக்குப் போக வண்டியின் பக்கவாட்டில் நடந்தாள். மான் அசையவில்லை. அதன் கண்கள் மட்டும் அவள் கூடவே வந்தன.