கால் மணிக்கு ஒரு டிக்

கண்ணாடியில் இன்றைக்கும் கை பதிந்திருந்தது.

குழந்தைகள் காப்பகத்தின் தூங்கும் அறையில், தரையை ஒட்டி ஒரு நீளக் கண்ணாடி இருக்கும். அதன் குறுக்கே ஒரு மரப்பிடி. எழுந்து நிற்கப் பழகும் வாண்டுகள் பிடியைப் பற்றிக்கொண்டு, தங்கள் முகத்தையே பார்த்துச் சிரிப்பதற்காக வைத்தது. இந்த வருடம் அதற்கு வேலையே இல்லை. இப்போது இருக்கும் பத்துப் பேரும் இரண்டு வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் பிடியாவது ஒன்றாவது. ஆனால் அந்தக் கை, ஒரு வயதுகூட நிரம்பாத கை.

ஆயாம்மா ஈரத்துணியோடு வந்தார். "யாரு டீச்சர் தினம் இப்படி அப்பி வைக்கறது? துடைச்சுத் துடைச்சு என் கைதான் தேயுது."

"பசங்கதான், வேற யாரு" என்றாள் டீச்சர். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

யாரென்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் அடையாளம் தரையோரமாக இருந்தது: எச்சில் வழிந்த ஒரு வட்டம், குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும் குழந்தையின் நெற்றி. பத்து நாளில் ஒரு சாண் மேலே, உட்கார்ந்தபடி தட்டிய இரண்டு கைகள். பிறகு பிடிக்கு மேலே. இந்த வாரம் இடமிருந்து வலமாக வரிசையாக, பிடியைப் பற்றிப் பக்கவாட்டில் நடந்த தடம். பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனித்து எழுதுகிறவள். அந்தப் பயத்திலும் அவள் கண் அதைப் படித்துவிட்டது. நினைத்ததை எழுதாதே, பார்த்ததை எழுது என்பதுதான் இந்த வேலையின் பாலபாடம். அவளும் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒளித்து வைத்த நோட்டை எடுத்து எழுதினாள்: 'பிடியைப் பற்றி நான்கு அடி.' எழுதும்போது மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்து அவளுக்கு அழுகையாக வந்தது.

அது உருண்டையின் நோட்டு. உருண்டை போன வருடம் இங்கே இருந்தவன். கன்னமும் தொடையுமாக அவ்வளவு கனம் என்பதால் ஆயாம்மா வைத்த பெயர். ஒன்பது மாதத்தில், இதே அறையில், மதியத் தூக்கத்தில் போய்விட்டான்.

தூங்கும் குழந்தையைக் கால் மணிக்கு ஒருமுறை கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். உதட்டு நிறம் எப்படி இருக்கிறது, முதுகு ஏறி இறங்குகிறதா. பார்த்துவிட்டுத் தாளில் ஒரு டிக். அன்றைக்கு அவள் ஒரு மணிக்கே நான்கு கட்டத்திலும் டிக் அடித்துவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லை. உருண்டையின் ஒன்பதாம் மாதக் குறிப்பை நாற்காலியில் உட்கார்ந்து ஆசையாக எழுதிக்கொண்டிருந்தாள். 'தவழத் தயாராகிறான்' என்று அவள் எழுதிய நேரத்தில், ஐந்தடி தூரத்தில் அவன் பாய்க்குள் முகம் புதைத்துக் கிடந்தான். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர், சில குழந்தைகளுக்கு இப்படி ஆவதுண்டு, யார் மேலும் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று வெள்ளிக்கிழமை. உருண்டையின் அம்மா வரும் நாள். அவளுக்கு அரைநாள் வேலை. தூங்கும் நேரத்தில் வந்து, பத்துக் குழந்தைகளையும் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போவாள். வராதே என்று சொல்ல இங்கே யாருக்கும் மனசு வரவில்லை.

திரை இழுத்த அறையில் பட்டப்பகலிலும் இருட்டு. பழைய மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. பாலும் பவுடரும் ஈரத்துணியும் கலந்த வாசனைக்கு நடுவே, காய்ந்த எச்சிலின் புளிப்பு ஒன்று கண்ணாடிப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது. உருண்டையின் அம்மா வந்து கண்ணாடிக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க கிட்டப் போய்ப் பார்த்தீங்கதானே?"

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்கிற கேள்விதான். இன்றைக்கு அவள் அதோடு நிறுத்தவில்லை.

"அவனுக்குக் காலையில கொஞ்சம் சளி இருந்துச்சு. அதோட கொண்டுவந்து விட்டுட்டு வேலைக்குப் போனேன்னு வீட்டுல எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. அவரு என்கிட்ட பேசறதே இல்ல. நீங்க நாலு தடவை பார்த்தும் ஒண்ணும் தெரியலைன்னா... அப்ப நான்தானே டீச்சர் கொன்னுட்டேன்?"

டீச்சர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சொல்லிவிடு. நான் பார்க்கவில்லை. இரண்டே வார்த்தை. உதடு பிரிந்தது.

அப்போது கண்ணாடிக்குள் அவன் நின்றுகொண்டிருந்தான்.

அறையில் அந்த இடம் வெறும் தரை. கண்ணாடியில் மட்டும் அவன், பிடியைப் பற்றியபடி, அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு. ஒரு கன்னம் முழுக்கப் பாயின் வரிகள். உதடு சிலேட்டு நிறம். ஒரு கையை விட்டான். மறு கையையும் விட்டான். ஆடினான். விழவில்லை.

முதல் அடி.

டீச்சரின் கைகள் பழக்கத்தில் தாமாக விரிந்தன. முதல் அடி வைக்கும் குழந்தையைப் பிடிக்கக் கூடாது. கையை நீட்டிக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது அடி. அம்மாவின் தோளுக்கு ஒரு கை தூரம். அவன் வாய் திறந்தது. ஏதோ சொல்லப் போகிறான். அவனுடைய முதல் பேச்சு.

"டீச்சர்? பார்த்தீங்கதானே?"

வேலை. பெயர். தெருவில் எல்லார் கண்ணும்.

"பார்த்தேன்மா" என்றாள் டீச்சர். "நாலு தடவையும்."

அவன் நின்றுவிட்டான். அழவில்லை. திரும்பி டீச்சரை ஒருமுறை பார்த்தான். பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு, தூங்கச் சொன்னதும் கேட்கும் சமர்த்துப் பிள்ளையாக, குப்புறப் படுத்து, கண்ணாடிக்குள் மட்டும் விரிந்திருந்த பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"சரி டீச்சர்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள் அம்மா. "நீங்களாவது அவனைப் பார்த்துக்கிட்டீங்களே." கதவு சாத்திக்கொண்டது.

சின்ன முதுகு ஏறியது. இறங்கியது. ஏறியது.

ஐந்தடி தூரம். எழுந்து போ. குனி. புரட்டிப் போடு.

கால் எழவில்லை. மடியில் இன்றைய தாள். பத்து வரிக்குக் கீழே, பெயரில்லாத பதினோராவது வரி. ஒன்றேகால், டிக். அடித்தது அவள் கைதான். ஒன்றரை, டிக். முதுகு மெல்ல ஏறியது. ஒன்றேமுக்கால். டிக்.

இரண்டு மணிக் கட்டத்தில் அவள் பேனா இறங்கியபோது, கண்ணாடியில் அந்த முதுகு அசையவில்லை.